திரையில் குதிக்கும் சேர்மன்

அந்தச் சைக்கிள் கடையின் இணையதளத்தைப் பார்க்க வேண்டுமானால் நான்கு தடைகளைத் தாண்டியாக வேண்டும். முதலில் சேர்மன் குதிப்பார். ஸ்டுடியோவில் எடுத்த படம், கோட்டு, டை, கீழே ‘வருக வருக’. அவரை மூடிவிட்டு நிமிர்ந்தால், பத்து விநாடியில் ‘பிரேக்கைச் சரிபார்த்தீர்களா?’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும். அதையும் மூடி, ஏதோ ஒரு சைக்கிளின் விலையைப் பார்க்கலாம் என்று விரலை நகர்த்தினால் பரிசுச் சக்கரம் சுழலும். வெறுத்துப்போய் வெளியேறப் பார்த்தால், ‘போகாதீங்க ப்ளீஸ்’ என்று ஓர் அழுமூஞ்சிப் பொம்மை வழியை மறிக்கும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு சைக்கிள் வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பொறுமைக்கு ஒரு மணியாவது இலவசமாகக் கொடுக்க வேண்டும், கொடுக்கவும் செய்தார்கள். அந்தச் சக்கரத்தை யார் சுற்றினாலும் சைக்கிள் மணிதான் விழும்.

சேர்மன் என்றதும் பெரிய நிறுவனம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதோ சைக்கிள் வியாபாரிகள் சங்கத்துக்கு மூன்று மாதம் தலைவராக இருந்தார். சங்கம் கலைந்துவிட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடையை ஆரம்பித்தவர் அவர். புது சைக்கிள் விற்பனை அவருடைய இலாகா. மூத்த மகன் ரிப்பேர் பார்ப்பான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் பாதி பிரேக்கைப் பற்றி இருக்கும். இளையவன் வாடகை சைக்கிள்களைக் கவனித்துக்கொண்டான். தும்மினால்கூட ஒரு சலுகை அறிவிப்பான் என்பதால் அவனுக்கு ஆஃபர் என்று பெயர் விழுந்திருந்தது. இணையதளத்தை ஆரம்பித்தவன் அவன்தான். இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் அதை அண்ணியின் தலையில் கட்டினான். கடவுச்சொல்லை மட்டும் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி, மூத்தவனின் மனைவி. ஆஃபர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களிலிருந்து கூரியர்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் அளவெடுக்கும் வேலை பார்த்தவள். அந்தக் கை சும்மா இருக்குமா? ஒரு கால் குட்டையானவருக்கு அந்தப் பக்கத்துப் பெடலை மட்டும் உயர்த்திக் கொடுத்தாள். ஒரு கையை இழந்தவருக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் கொண்டுவந்தாள். எழுந்து நிற்க முடியாத பெண்ணுக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. எல்லாம் கடையின் பின்னறையில் நடக்கும். யாரோ சொல்லி யாரோ வருவார்கள், மாதத்துக்கு ஒருவர் அல்லது இருவர். மற்ற நாளெல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்து பில் போட்டாள். பில் போடும்போது அவளுக்குக் கொட்டாவி வரும். பின்னறையில் பசிகூட வராது. தினமும் அங்கேயே வேலை இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி மேடம் வந்தார். தன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவருடைய வண்டியைப் பார்த்து அசந்துபோய், இதைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களை அனுப்ப ஒரு நிரந்தரமான இடம் தேடுகிறார்களாம். மூன்று கடைகளின் பெயர் பட்டியலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் மூன்று இணையதளங்களையும் போட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். மேடம் தன் ஃபோனில் அங்கேயே கடையின் தளத்தைத் திறந்தார். சேர்மன் குதித்தார். மேடத்தின் முகம் போன போக்கை அண்ணி பார்த்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்,” என்றார் மேடம். “ஸ்க்ரீன்ல ஏதாவது குதிச்சா எங்க பெரிய டாக்டர் அப்பவே மூடிடுவார். அப்புறம், உங்க வேலை இதுல எங்க இருக்கு?”

அது ‘மற்றவை’ என்ற தலைப்பின் கீழே, ‘வாகனம் நிறுத்துமிடம்’, ‘விடுமுறை நாட்கள்’ ஆகியவற்றைத் தாண்டி, ‘சிறு மாற்றங்கள்’ என்ற பெயரில் பதுங்கியிருந்தது. அண்ணிக்கே அதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

மேடம் போனபின் அவள் செய்த முதல் தப்பு, மதியச் சாப்பாட்டின்போது விஷயத்தை வீட்டு ஆண்களிடம் சொன்னது. டாக்டர்கள் நம் தளத்தைப் பார்க்கப் போகிறார்கள், அதனால் குதிப்பவற்றையெல்லாம் எடுத்துவிடலாமா என்று பக்குவமாகத்தான் கேட்டாள். டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்ற பாதி மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. சேர்மன், டாக்டர்கள் பார்ப்பதாக இருந்தால் புது கோட்டில் ஒரு படம் எடுத்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். ஆஃபர், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காகச் சக்கரத்தில் இன்னொரு பரிசைச் சேர்க்கலாம் என்றான். கணவன் தலையைத் தூக்கி, டாக்டர்களும் பிரேக் பார்ப்பதில்லை என்றான். அன்றைய கணக்கில் மூன்று வார்த்தை செலவாயிற்று.

அன்று மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் அண்ணி தளத்தின் உள்பக்கத்தைத் திறந்தாள். இடது ஓரத்தில் பக்கங்களின் பட்டியல் வந்தது, மொத்தம் இருபத்து மூன்று. ‘புதிது’, ‘புதிது நகல்’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’, ‘தொடாதே’ என்றெல்லாம் பெயர்கள். ஆஃபர் எதையும் அழிக்க மாட்டான். நகல் எடுத்து, நகலில் வேலை செய்து, இரண்டையும் விட்டுவிடுவான். சேர்மனுக்கு மட்டும் ‘நிறுவனர்’, ‘நிறுவனரின் செய்தி’, ‘நிறுவனர் படங்கள்’ என்று மூன்று பக்கம், மூன்றும் சைக்கிள்களுக்கு முன்னால். அதற்குக் கீழே, இப்படித் திரையில் குதிக்கும் பாப்-அப்களின் தனிப் பட்டியல். வெளியே தெரிவது நான்குதான், உள்ளே பதினொன்று இருந்தன. போன வருஷம் கடை வெள்ளையடிப்புக்காக மூடியிருந்த நாளின் அறிவிப்புகூட இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது.

பக்கங்களை ஒழுங்குபடுத்துவது சுலபம். பிடித்து இழுத்து மேலே விட்டால் மேலே போகும், ஒன்றின்மேல் ஒன்றை விட்டால் அடியில் ஒடுங்கும், கண் படத்தைத் தட்டினால் மறையும். வீட்டு மனிதர்களை அப்படி இழுத்துவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்தாள். கணவனோடு வேலை சீக்கிரம் முடிந்தது. பிரேக் எச்சரிக்கை குதிக்க வேண்டாம், ரிப்பேர் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் நிரந்தரமாக இருக்கட்டும் என்றாள். அவன் யோசித்துவிட்டு, பெரிதாக என்றால் எவ்வளவு பெரிதாக என்று கேட்டான். காட்டினாள். இன்னும் கொஞ்சம் என்றான். அவ்வளவுதான்.

ஆஃபர் மசியவில்லை. சக்கரத்தை இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் சுற்றியிருக்கிறார்கள் என்று புள்ளிவிவரம் காட்டினான். அண்ணி அந்த எண்ணுக்குள் நுழைந்து பார்த்தாள். முன்னூற்றுத் தொண்ணூறு தடவை ஒரே ஃபோனிலிருந்து சுற்றப்பட்டிருந்தது; அது ஆஃபருடைய ஃபோன். மணிதான் விழும் என்று தெரிந்துகொண்டே இந்தச் சுற்று சுற்றியிருக்கிறான். அசடு வழிந்தாலும் பிடித்த பிடியை அவன் விடவில்லை.

சேர்மனிடம் மூன்று பக்கத்தை ஒரே பக்கமாகச் சுருக்கலாம் என்று சொல்லவே அரை நாள் ஆயிற்று. பெரிய நிறுவனங்களின் தளங்களைத் திறந்து, பாருங்கள் மாமா, இவ்வளவு பெரிய முதலாளிக்கே ஒரு பக்கம்தான் என்று காட்டினாள். அவர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். ஆனால் படம் குதித்தே ஆகவேண்டும். வாசலில் நின்று வரவேற்பது அவருடைய வழக்கம், அதை யாருக்காகவும் விட முடியாது. தினமும் காலையில் அவர் முதலில் செய்யும் காரியம் தன் ஃபோனில் தளத்தைத் திறந்து தன்னைத் தானே வரவேற்றுக்கொள்வதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. பாப்-அப் எப்போது தோன்ற வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பல விதிகள் இருந்தன. அதில் ஒன்று, தள முகவரியின் கடைசியில் குறிப்பிட்ட ஒரு சொல் ஒட்டியிருந்தால் மட்டும் காட்டு என்பது. சேர்மனின் படத்துக்கு ஒரு சொல்லும் சக்கரத்துக்கு இன்னொரு சொல்லும் வைத்தாள். இனி எளிதாகத் திறக்கலாம் என்று சொல்லி, அவரவர் ஃபோனை வாங்கி, அந்த வால் ஒட்டிய முகவரியைத் திரையில் ஒரு சின்னப் படமாகப் பதித்துக் கொடுத்தாள். அதைத் தட்டினால் சேர்மனுக்குச் சேர்மன் குதிப்பார், ஆஃபருக்குச் சக்கரம் சுழலும். ஊரில் மற்ற யாருக்கும் எதுவும் வராது. அழுமூஞ்சிப் பொம்மையையும் உள்ளே உறங்கிய ஏழையும் யாரையும் கேட்காமல் அழித்தாள். யாரும் அவற்றைத் தேடவும் இல்லை.

சேர்மன் தட்டிப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். “டாக்டருங்க முதல்ல என்னைத்தானே பாப்பாங்க?” என்று கேட்டார்.

“உங்களைத்தான் மாமா,” என்றாள் அண்ணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அன்று முழுவதும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பெரிய மனிதர்களுக்கு ஆளுக்கொரு பொம்மையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாயிற்று.

புதன்கிழமை பட்டியலை ஏழு பக்கமாகக் குறைத்தாள். ‘சிறு மாற்றங்கள்’ என்ற பெயரை அழித்து, ‘உங்கள் உடலுக்கேற்ற சைக்கிள்’ என்று எழுதி, மேலே இழுத்து, முகப்புக்கு அடுத்த இடத்தில் விட்டாள். அந்த இடத்தில் அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. யாராவது கேட்டால் இறக்கிவிடலாம் என்று தயாராக இருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவரவர் ஃபோனில் அவரவர் வேலை நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை மதியம் பின்னறையில் ஒருவருக்குக் கைப்பிடியைப் பொருத்தப் போனவள் மாலைதான் வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கூரியர்காரர் வந்தார். அண்ணி அவருடைய ஃபோனை வாங்கி, யாரோ அந்நியர் பார்ப்பதுபோல் தளத்தைத் திறந்தாள். எதுவும் குதிக்கவில்லை. அவளுடைய பக்கம் இரண்டாவதாக நின்றது. நிம்மதியாக ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது, சலவைச் சட்டையில் சேர்மன் வந்து நின்றார்.

நேற்று அவள் பின்னறையில் இருந்தபோது ஆஃபரை உட்கார வைத்து, பாப்-அப்பில் எழுத்தை மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொண்டாராம். அப்புறம் அவனைத் துரத்திவிட்டு அவரே மாற்றினாராம். டாக்டர்கள் பார்க்கப்போகும் நேரத்தில் வெறும் ‘வருக வருக’ போதாதே என்று தோன்றியதாம். “என்ன எழுதியிருக்கேன்னு நீயே போய்ப் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு, புது சைக்கிள்களைத் துடைக்கப் போய்விட்டார்.

மனிதர் எந்த விதியைக் கலைத்தாரோ, எதை எங்கே இழுத்து விட்டாரோ என்று அண்ணி உள்பக்கத்தை அவசரமாகத் திறந்தாள். பக்கங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. விதியும் அப்படியே இருந்தது. படம்கூட மாறவில்லை, அதே கோட்டு, அதே டை. எழுத்து மட்டும் மாறியிருந்தது.

‘வணக்கம். நான் இந்தக் கடையை முப்பத்தொரு வருடமாக நடத்துகிறேன். சைக்கிள் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மை அல்ல. காலை நீட்ட முடியாத ஒருவர் எப்படி சைக்கிள் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. என் மருமகளுக்குத் தெரியும். அவள் செய்து கொடுத்த வண்டி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. நான் விற்றவை வந்திருக்கின்றன. ஆகவே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இதை மூடிவிட்டு நேரே அவளிடம் போங்கள்.’

அண்ணி இரண்டு தடவை படித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பின்னறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், எந்த வண்டி திரும்பி வந்தது, எது வரவில்லை என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்திருக்கிறார். ஊரெல்லாம் பார்க்கிறது என்று நம்பிக்கொண்டு, ஊர் பார்க்கட்டும் என்றே எழுதியிருக்கிறார். அதை அவர் ஒருவர் மட்டும் பார்க்கும்படி அவள் செய்து வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சிரித்த சிரிப்பை நினைத்து அவமானமாக இருந்தது.

மணி பத்து நாற்பது. விதியை எடுத்துவிட்டால் போதும், சேர்மன் எல்லோருக்கும் குதிப்பார். பெரிய டாக்டருக்கும் குதிப்பார். பெரிய டாக்டர் மூடுவார், பின்னறை வேலை அதோடு போகும். எடுக்காமல் விட்டால் கூட்டம் நல்லபடியாக முடியலாம். அந்த வார்த்தைகளை ஒருவரும் படிக்க மாட்டார்கள். எதைச் செய்தாலும் தப்பாகப் பட்டது. ஒரு வாடிக்கையாளர் வந்து டியூப் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி திரையைப் பார்த்தாள்.

கடைசியில், அவர் எழுதியதை முழுதாக நகல் எடுத்து, தன்னுடைய பக்கத்தின் உச்சியில் ஒட்டினாள். ‘இதை மூடிவிட்டு’ என்ற இரண்டு வார்த்தை அங்கே பொருந்தாததால் அவற்றை மட்டும் எடுத்தாள். படத்தையும் வைத்தாள். அது பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டது. கொஞ்சம் சின்னதாக்கினாள், அவ்வளவு பெரிய டையை எந்த டாக்டராலும் தாங்க முடியாது. அவள் செய்த வண்டிகளின் படங்கள் அவருக்குக் கீழே போயின. பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வெளியிடும் பொத்தானை அழுத்தினாள்.

பதினொன்றே முக்கால் வரை பில் போடுவதில் மூன்று தப்பு செய்தாள். கணவன் பின்னாலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனான். அப்போது கடை ஃபோன் அடித்தது. பெரிய டாக்டரே பேசினார். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் மாமனாரோடு பேச வேண்டும் என்றார். அண்ணி ஃபோனைக் கொண்டுபோய்ச் சேர்மனிடம் கொடுத்தாள். அவர் எந்த ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், போட்டார்.

“இதை நீங்களே எழுதினீங்களா, இல்ல உங்க மருமகளே எழுதிக்கிட்டாங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“நான்தான் எழுதினேன் டாக்டர். ஒத்த விரல்ல ரெண்டு மணி நேரம். உள்ள வந்ததும் என் படம் குதிச்சிருக்குமே, அதுல இருக்கறதுதான்.”

“குதிச்சு எதுவும் வரலையே. நல்லவேளை, வந்திருந்தா மூடியிருப்பேன். உங்க மருமகளோட பக்கத்துல, மேல இருக்கு.”

சேர்மன் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். காது இரண்டும் எரிந்தன. குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி ஒரு வார்த்தை போதும், அவளும் போலி, அவள் பக்கமும் போலி என்று ஆகிவிடும்.

“ஆமா டாக்டர்,” என்றார் சேர்மன். “அங்கதான் இருக்கணும்னு நான்தான் சொன்னேன்.”

டாக்டர் மேலும் ஏதேதோ கேட்டார். எந்த வண்டிகள் திரும்பி வந்தன என்று கேட்டதற்கு, சேர்மன் தயங்காமல் தான் விற்றவற்றில் நான்கைச் சொன்னார். திங்கட்கிழமை இரண்டு பேரை அனுப்புவதாகவும், அவர்களுக்குச் சரியாக அமைந்தால் எல்லோரையும் இங்கேயே அனுப்புவதாகவும் டாக்டர் சொன்னார். ஃபோன் அடங்கியது.

சேர்மன் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய ஃபோனை எடுத்து, அந்தச் சின்னப் படத்தைத் தட்டினார். கோட்டும் டையுமாக அவர் குதித்தார்.

“அப்போ இது என் ஃபோன்ல மட்டும்தான் வருதா?”

“ஆமா மாமா. செவ்வாய்க்கிழமையிலேருந்து. தப்புதான், மன்னிச்சிடுங்க,” என்றாள். “எடுத்துடட்டுமா?”

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டையைப் பார்த்தாரோ எழுத்தைப் படித்தாரோ, தெரியவில்லை.

“எடுக்காதே. காலைல எழுந்ததும் எனக்கு யார் வணக்கம் சொல்றாங்க? இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். பிறகு, திங்கட்கிழமைக்கு இடம் போதுமா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, முதல் தடவையாகப் பின்னறைக்குள் போனார்.